திருகாத சதுரம்: குரோஷே குஷன் கவர் பின்னும் முறை

எங்கள் வீட்டு சோபாவில் மூன்று குஷன்கள் இருக்கின்றன. அவற்றின் கவர் நைந்துபோனதும் கடையில் வாங்காமல் குரோஷேயில் (முனையில் கொக்கி உள்ள ஊசியால் போடும் பின்னல்) நானே பின்னிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் பெரிதாகும் 'கிரானி ஸ்கொயர்'தான் முதலில் பின்ன எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். எளிதுதான். ஆனால் பன்னிரண்டாவது சுற்றில் சதுரத்தைத் தரையில் விரித்துப் பார்த்தால், நாலு மூலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பனையோலைக் காற்றாடி மாதிரி நின்றது. இழுத்துப் பார்த்தேன், நனைத்துக் காயவைத்தேன், பிரித்து மறுபடி பின்னினேன். அதே சாய்வு. காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சங்கிலி போடவும் அடிப்படைத் தையல்கள் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் ஒரு மாலை நேரம் போதும், பழகிவிட்டு வாருங்கள்.

பெயர்க் குழப்பம்

அமெரிக்கக் குறிப்புகளில் 'சிங்கிள் குரோஷே' என்று வருவதை பிரிட்டிஷ் குறிப்புகளில் 'டபுள் குரோஷே' என்பார்கள். அமெரிக்க 'டபுள்' பிரிட்டனில் 'ட்ரெபிள்'. நம் வீடுகளில் இருக்கும் பழைய தையல் புத்தகங்கள் பலவும் பிரிட்டிஷ் முறை. யூடியூபில் நிறைய அமெரிக்க முறை. இரண்டையும் கலந்து படித்தால் அளவே மாறிப்போகும். இங்கே 'ஒற்றை', 'இரட்டை' என்று நான் எழுதுவது அமெரிக்க முறைப்படி. இரட்டை என்றால், நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிக்கொண்டு நுழைத்து, இழுத்து, ஊசியில் இருக்கும் மூன்று வளையங்களை இரண்டிரண்டாகக் கழற்றுவது.

நூலும் ஊசியும்

16 அங்குல குஷனுக்கு 8 பிளை (நூலின் தடிமன் அளவு) பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி. இரண்டு பக்கமும் சேர்த்து 250 கிராம் வாங்கி வைத்துக்கொண்டேன், கொஞ்சம் மிஞ்சியது. நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அதே நிற எண்ணாக இருந்தாலும் அடுத்த சாயத் தொகுதியில் நிறம் லேசாக மாறும், அது சோபாவில் பளிச்சென்று தெரியும்.

பேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துப் போடுவார்கள். விலை குறைவு, நிறங்கள் அழகு. ஆனால் நம் ஊர் வெயிலில் மத்தியானம் அதில் கன்னத்தை வைத்துப் படுக்க முடியாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகவும் செய்யும். பருத்திக்கு ஆகும் கூடுதல் செலவை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை.

ஊசியில் எனக்குப் பிடித்தது ரப்பர் பிடி போட்ட அலுமினிய ஊசி. மூங்கில் ஊசி கைக்கு இதமாக இருந்தாலும் பருத்தி நூல் அதில் வழுக்காமல் நின்று நின்று வருகிறது. நம் நாட்டுத் தயாரிப்பான போனி ஊசிகளே தொடங்குகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

சிலர் மெல்லிய லேஸ் நூலும் ஒரு மி.மீ. எஃகு ஊசியும் வாங்கிவிடுகிறார்கள். அதில் ஒரு கவர் முடிய மாதக்கணக்கில் ஆகும். அது தனிக் கலை. ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் இருக்கும் நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகளிடம் கற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அந்த லேஸைப் பின்னிவருகிறார்கள். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு சாண் லேஸுக்கு எத்தனை ஆயிரம் தடவை ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும் என்பது, நாமே ஒரு கவர் பின்னிய பிறகுதான் உறைக்கிறது. இனி எங்கேயாவது கைப்பின்னல் லேஸ் பார்த்தால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

எவ்வளவு பெரிய சதுரம்?

குஷனைவிட ஒரு அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். குரோஷே நெகிழும். 16 அங்குல குஷனுக்கு 16 அங்குலமே பின்னினால் ஒரு மாதத்தில் கவர் தொளதொளத்துவிடும். 15 அங்குலத்தில் நிறுத்தினால் இழுத்துப் பிடித்து, மூலைகள் விறைப்பாக நிற்கும்.

முதல் சுற்று

4 சங்கிலி போட்டு, ஸ்லிப் தையலால் முதல் சங்கிலியோடு சேர்த்து வளையமாக்குங்கள். 3 சங்கிலி போடுங்கள், இது முதல் இரட்டையாகக் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் 2 இரட்டை. இது ஒரு கொத்து. பிறகு மூலைக்கு 2 சங்கிலி. அப்புறம் 3 இரட்டை, 2 சங்கிலி என்று இன்னும் மூன்று தடவை. கடைசி 2 சங்கிலி முடிந்ததும், தொடக்கத்தில் போட்ட 3 சங்கிலியின் உச்சியில் ஸ்லிப் தையல். நாலு கொத்து, நாலு மூலை.

இங்கேதான் திருப்ப வேண்டும்

நான் படித்த குறிப்புகள் எல்லாம், 'ஸ்லிப் தையல் போட்டபடி அடுத்த மூலைக்கு நகர்ந்து அதே திசையில் தொடருங்கள்' என்றுதான் சொல்லின. சின்னச் சதுரத்துக்கு அது சரி. ஐந்தாறு சுற்றில் முடிந்துவிடும், சாய்வு கண்ணுக்கே தெரியாது. பெரிய சதுரத்துக்குச் சரிவராது.

ஏன் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரட்டைத் தையலின் தலை அதன் காலுக்கு நேர் மேலே உட்காருவதில்லை, ஒரு நூல் அளவு பக்கவாட்டில் தள்ளி உட்காருகிறது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால், அந்த ஒரு நூல் அளவு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே வரும். பன்னிரண்டு சுற்றில் மொத்தச் சதுரமும் திருகிவிடுகிறது. இதில் இன்னொரு தொல்லை, முன்பக்கமும் பின்பக்கமும் முதுகோடு முதுகு சேரும்போது இரண்டின் சாய்வும் எதிரெதிராகப் போகும். மூலையோடு மூலை சேரவே சேராது.

தீர்வு இதுதான். ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் தையலால் முடித்ததும், பின்னலைப் புத்தகப் பக்கத்தைப் புரட்டுவது போலத் திருப்புங்கள். இப்போது பின்பக்கம் உங்களைப் பார்க்கும். ஊசிக்கு அடுத்தாற்போலவே ஓர் இடைவெளி இருக்கும். அதில் ஒரு ஸ்லிப் தையல் போட்டு, அங்கிருந்தே 3 சங்கிலியோடு புதுச் சுற்றைத் தொடங்குங்கள். ஒரு சுற்றில் வலப்பக்கம் சாய்ந்தது அடுத்த சுற்றில் இடப்பக்கம் சாயும். இரண்டும் சமமாகி, சதுரம் நேராக நிற்கும். மூலைக்கு நகர்ந்து போகும் வேலையும் மிச்சம்.

முதல் தடவை திருப்பும்போது, 'இது தப்போ' என்று கை தயங்கும். தயங்காமல் திருப்புங்கள்.

அடுத்த சுற்றுகள்

விதி இரண்டே இரண்டு. மூலை இடைவெளியில் 3 இரட்டை, 2 சங்கிலி, 3 இரட்டை. பக்கங்களில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் 3 இரட்டை. கொத்துகளுக்கு நடுவே சிலர் ஒரு சங்கிலி போடுவார்கள். நான் போடுவதில்லை, போட்டால் ஓட்டை பெரிதாகி உள்ளே இருக்கும் துணி அதிகமாகத் தெரிகிறது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. எத்தனையாவது சுற்றோ, ஒவ்வொரு பக்கத்திலும் அத்தனை கொத்து இருக்க வேண்டும். ஏழாவது சுற்றென்றால் பக்கத்துக்கு ஏழு. ஒரு பக்கத்தில் ஆறுதான் இருக்கிறது என்றால் எங்கோ ஓர் இடைவெளியைத் தாண்டிவிட்டீர்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிவிடுங்கள். அப்போதே கண்டுபிடித்தால் ஒரு சுற்றுதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

நாலாவது சுற்று முடிந்ததும் நடுவில் டேப் வைத்து அளந்து பாருங்கள். எனக்கு ஏறக்குறைய 4 அங்குலம் வந்தது. 15 அங்குலத்துக்கு 16 சுற்று ஆனது. உங்கள் கை இறுக்கமென்றால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கூடும். சுற்றின் எண்ணிக்கையைவிட டேப் சொல்வதையே நம்புங்கள்.

நிறம் மாற்றுவதாக இருந்தால் சுற்றின் முடிவில் மாற்றுங்கள். நூல் முனையை ஆறு அங்குலமாவது விட்டு, பெரிய கண் உள்ள மழுங்கிய ஊசியால் ஒரு திசையில் நுழைத்து, மறுபடி எதிர்த் திசையில் திரும்பி நுழையுங்கள். வெறும் முடிச்சு இரண்டு சலவைக்குத் தாங்காது.

சேர்ப்பது

இதே அளவில் இரண்டாவது சதுரமும் முடிந்ததும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு அடுக்கிலும் ஊசியை நுழைத்து மூன்று பக்கம் ஒற்றைத் தையலால் சேருங்கள். ஒவ்வோர் இரட்டையின் மேலும் ஓர் ஒற்றை, மூலையில் மட்டும் மூன்று. மூலையில் ஒன்றே ஒன்று போட்டால் அது சுருங்கி வட்டமாகிவிடும்.

நாலாவது பக்கத்தைச் சிலர் தைத்தே மூடிவிடுகிறார்கள். துவைக்கக் கழற்ற வேண்டாமா? பின்பக்கச் சதுரத்தின் திறந்த ஓரத்தில் மட்டும் மூன்று வரிசை ஒற்றைத் தையல் போட்டு ஒரு பட்டி மாதிரி ஆக்குங்கள். அதன் மேல் ஐந்து பொத்தான் தையுங்கள். முன்பக்கத்தில் கொத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளே பொத்தான் துளை, தனியாகக் காஜா வேண்டாம். நான் தைத்தது தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான். மாம்பழ மஞ்சள் நூலில் அந்தப் பழுப்பு நிறம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் பொத்தானாகப் பாருங்கள், தைப்பதற்கு முன் இடைவெளியில் நுழைத்தும் பாருங்கள்.

உள்ளே குஷனின் வெள்ளைத் துணி ஓட்டைகள் வழியாகத் தெரியும். என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் ஓர் உள்ளுறை தைத்துப் போட்டேன். பின்னலின் இடைவெளிகளில் அந்தப் புள்ளிகள் எட்டிப் பார்க்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தக் குஷனைத்தான்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

சதுரம் கிண்ணம் மாதிரி குழிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கை இறுக்கம்தான் காரணம், 4.5 மி.மீ. ஊசிக்கு மாறிப் பாருங்கள். ஓரம் கொசுவம் மாதிரி அலையடித்தால் பெரும்பாலும் ஓர் இடைவெளியில் இரண்டு கொத்து போட்டிருப்பீர்கள், எண்ணிப் பாருங்கள்.

இடது கைப் பழக்கம் உள்ள தோழி ஒருவர், கணக்கு மாறுமா என்று கேட்டிருந்தார். மாறாது. நீங்கள் எதிர்த் திசையில் சுற்றுவீர்கள், அவ்வளவுதான். திருப்புவதும் எண்ணுவதும் அப்படியே.

இன்னொருவருக்கு முதல் சலவையிலேயே சிவப்புச் சாயம் வெள்ளைக் கொத்துகளில் இறங்கிவிட்டது. படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, மூன்று வார வேலை அது. அடர்ந்த நிறம் சேர்ப்பதாக இருந்தால், தொடங்கும் முன் ஒரு முழம் நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் சுருட்டி ஒரு ராத்திரி வையுங்கள். துணியில் கறை பட்டால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்திப் பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பி நிழலில் காயப்போடுங்கள். தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கவர் நீண்டுவிடும்.