‘யூ ஆர்’ குழப்பமா? நீ, நீங்களைக் காட்டுங்கள்

பெரம்பூரில் மாலை டியூஷன் எடுக்கிறேன். “ஒரு ஆள்தானே மிஸ், ‘யூ இஸ்’னு ஏன் வராது?” என்று வருஷம் தவறாமல் ஒரு பிள்ளை கேட்கும். ரூல் அப்படி என்று வாயை அடைக்காதீர்கள். அந்தக் கால ஆங்கிலத்தில் ஒருவருக்கு ‘தௌ’, ‘யூ’ பலருக்குத்தான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சு வழக்கைப் பார்த்து, பெரியவர் ஒருவரையும் மரியாதைக்காகப் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். அப்படியே நம்ம ‘நீங்கள்’! போகப்போக ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து மறைந்தது, ‘யூ’வோடு ‘ஆர்’, ‘வேர்’ என்ற பன்மை வினை மட்டும் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை பிள்ளை ‘யூ வாஸ்’ என்று எழுதினால், “நீங்கள் வந்தாய்னு சொல்லுவியா?” என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே ‘யூ வேர்’ என்று தானே அழித்து எழுதும்.