சிவப்புக் கோடு வராத தமிழ் ஆவணம்

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்னும் ஆவணம் எழுதும் மென்பொருளில் நாற்பது பக்க மலர் ஒன்றை மெய்ப்புப் பார்த்தபோது, வேண்டுமென்றே 'பளம்' என்று தட்டச்சிட்டும் அதன் அடியில் எழுத்துப்பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு தோன்றவில்லை. பிழை பார்க்கும் தமிழ் அகராதி நீட்சியை (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரலை) இருமுறை நீக்கி நிறுவினேன்; எழுத்துருவை மாற்றினேன்; மொழி அமைப்பில் மேற்கத்திய மொழிக்குரிய கட்டத்தில் தமிழைத் தேடினேன். மூன்று நாள் வீணாயிற்று.

தமிழ் அங்கே 'சிக்கலான எழுத்தமைப்பு' என்னும் தனிப் பிரிவில் அடங்குகிறது. அப்பிரிவை இயக்கித் தமிழைத் தேர்ந்த பின்னும் பழைய பத்திகள் முந்தைய மொழிக்குறியையே சுமந்திருந்ததால், முழு ஆவணத்தையும் தெரிவுசெய்து, எழுத்து வடிவமைப்பில் அதே பிரிவின் மொழியைத் தமிழாக்கினேன். உடனே கோடுகள் வந்தன.

ஆனால் சரியாகத் தெரிந்த 'கெளரவம்', 'பெளர்ணமி' ஆகியவற்றின் அடியிலும் கோடு நின்றது. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகர எழுத்தும் தனித்தனியே தட்டச்சாகியிருந்தன. கண்ணுக்கு வேறுபாடு தெரியாவிட்டாலும் கணினிக்கு அவை வேறு சொற்கள். இதை ஒட்டுமொத்தமாக மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளம்' போன்றவை சிதைந்துவிடும் என்பதால், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம் என ஒவ்வொரு சொல்லாகத் தேடி மாற்றினேன். சந்திப்பிழைகளை இந்த அகராதி காட்டாது. அவற்றை இன்னும் கண்ணால்தான் பார்க்கிறேன்.