டார்ஜிலிங் நீராவி ரயிலைப் படம் எடுப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

நீராவி எஞ்சினை அது பாடுபடும் இடத்தில் படம் எடுக்க வேண்டும். நிலையத்தில் நிற்கும்போதும் இறக்கத்தில் உருண்டு வரும்போதும் அதே எஞ்சின்தான், ஆனால் படத்தில் உயிர் இருக்காது. டார்ஜிலிங்குக்கு கேமராவோடு இரண்டு முறை போய்வந்த பிறகு எனக்குப் புரிந்தது இது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை வைத்துத்தான்.

முதலில் ரயிலைப் பற்றிக் கொஞ்சம். 1881-இல் டார்ஜிலிங் வரை ஓடத் தொடங்கிய பாதை இது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு அடி இடைவெளி, அதாவது 610 மில்லிமீட்டர்தான். நம்ம ஊட்டி ரயில்கூட மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளி, இது அதைவிட ரொம்பக் குறுகல். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, பின்னாளில் நீலகிரி ரயிலும் அதே பட்டியலில் சேர்ந்தது. ஊட்டிப் பாதையில் செங்குத்தான இடங்களில் பல்சக்கரம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது, இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறது. இதை இழுக்கும் 'பி' வகை நீராவி எஞ்சின்கள் 1889-இல் வரத் தொடங்கியவை.

டிக்கெட்

டார்ஜிலிங்கிலிருந்து கூம் நிலையம் வரை போய்த் திரும்பும் 'ஜாய் ரைடு' ரயில்தான் நமக்கு வேண்டியது. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஐஆர்சிடிசி தளத்தில் எடுக்கலாம். ஆனால் இதே பயணத்துக்கு டீசல் வண்டியும் உண்டு, அதனால் நீராவி வண்டிதானா என்று பார்த்து எடுங்கள். அக்டோபர் கடைசி, நவம்பர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும், காஞ்சன்ஜங்கா தெரிய நல்ல வாய்ப்பு. காலை வண்டியாகப் பாருங்கள். நாட்டின் கிழக்குப் பகுதி என்பதால் நவம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். தவிர, காலைக் குளிரில்தான் நீராவி வெள்ளை வெளேரென்று திரண்டு நிற்கும், வெயில் ஏறிவிட்டால் வெளியே வந்த உடனே கரைந்துபோகும்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் ரயிலுக்குள், ஒரு நாள் ரயிலுக்கு வெளியே. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நான் வெளியே நிற்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பையில் என்ன

ஒரு சாதாரண ஜூம் லென்ஸ் போதும், 24 முதல் 105 மில்லிமீட்டர் வரை மாதிரி. போனில் எடுப்பவர்களும் தயங்க வேண்டாம், ரயில் மெதுவாகத்தான் போகும். லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு, தூசு ஊதும் ரப்பர் குமிழ் ஒன்று. எஞ்சின் பக்கத்தில் லென்ஸ் கழற்றி மாற்றாதீர்கள், கரித்தூள் உள்ளே போய்விடும். என் முதல் காலை ஹீட்டர் போட்ட காரிலிருந்து இறங்கி நேரே கேமராவைத் தூக்கினேன், அறையிலிருந்தே லென்ஸ் சில்லென்று இருந்திருக்கிறது போல, கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்தது, துடைத்து முடிப்பதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. காருக்குள் கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வையுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு

நிலையத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் எஞ்சின் கொட்டகை இருக்கிறது. உள்ளே போவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நெருப்பு மூட்டுவது, எண்ணெய் விடுவது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் காலையிலேயே நடக்கும். நேபாளியில் அண்ணனை 'தாஜு' என்பார்கள். அப்படிக் கூப்பிட்டு, எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள்.

இந்த எஞ்சினில் நிலக்கரி பின்னால் இல்லை, பாய்லருக்கு மேலே, ஓட்டுநர் அறைக்கு முன்னால். அந்தக் கரிக்குவியல் மேலேயே ஒருவர் உட்கார்ந்து சுத்தியலால் பெரிய கட்டிகளை உடைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார். எஞ்சினின் முன் முனையில் இரண்டு பேர் இருப்பார்கள், வேலை மணல் தூவுவது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் அதுவரை நிதானமாக வந்த 'சக்… சக்…' சத்தம் திடீரென்று படபடவென்று ஓடும். அந்தக் கணமே அவர்கள் குனிந்து மணலைக் கையால் தண்டவாளத்தில் விடுவார்கள், சக்கரம் மறுபடி பிடித்துக்கொள்ளும். விரல் இடுக்கில் மணல் வழியும் அந்தக் கையை ஷட்டர் வேகம் 1/500 நொடியில் எடுங்கள். மலையும் ரயிலும் சேர்ந்த ஐம்பது படங்களைவிட எனக்கு அந்த ஒன்று பெரிது.

எங்கே நிற்பது

டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை ஏற்றம். கூம் 2,258 மீட்டர் உயரம், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். அதனால் போகும்போதுதான் எஞ்சின் மூச்சு வாங்கும், திரும்பும்போது பெரும்பாலும் சும்மா இறங்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நாளிலும் போகும் வழியிலேயே படங்களை முடித்துவிட்டு, வரும் வழியில் வேடிக்கை பாருங்கள்.

வெளியே நிற்கும் நாளில் ஒரு டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். தண்டவாளம் ஹில் கார்ட் சாலையை ஒட்டியே போகிறது, பல இடங்களில் சாலையைக் குறுக்கே வெட்டியும் போகும். கடை வாசலுக்கும் வண்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருக்கும், டீ கிளாஸோடு நிற்பவர் முன்னால் எஞ்சின் உரசிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். வண்டி மெதுவாகப் போவதால் முந்திப் போய் மூன்று நான்கு இடங்களில் பிடித்துவிடலாம்.

தவறவிடக் கூடாத இடம் பட்டாசியா லூப். 1919-இல் கட்டியது. பாதை சுற்றி வந்து தன்னையே தாண்டிப் போகிறது, அதனால் நின்ற இடத்திலேயே ஒரே வண்டியை இரண்டு மூன்று கோணத்தில் எடுக்கலாம். நடுவில் கூர்க்கா வீரர்களுக்கான நினைவுச்சின்னம். ரயில் வருவதற்கு அரை மணி முன்பே போய், காஞ்சன்ஜங்கா தெரியும் பக்கம் பார்த்து, தலைகள் குறுக்கே வராத மேடான இடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேமரா அமைப்பு

ரா வடிவத்தில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். ஷட்டர் 1/250, அபெர்ச்சர் 8, ஐஎஸ்ஓ தேவைக்கேற்ப. எஞ்சின் கருநீலம், நீராவி வெள்ளை. கேமரா கருப்பை நம்பி வெளிச்சத்தைக் கூட்டினால் நீராவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், அதனால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறையுங்கள். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன வெள்ளையை மீட்க முடியாது. சூரியன் வண்டிக்குப் பின்னால் இருந்தால் கவலைப்படாதீர்கள், நீராவி உள்ளிருந்து விளக்கேற்றியது மாதிரி ஒளிரும்.

வேகம் தெரிய வேண்டுமென்றால் ஷட்டரை 1/30-க்கு இறக்கி, இடுப்பைத் திருப்பி வண்டியோடு கூடவே கேமராவை நகர்த்திக்கொண்டு தொடர்ந்து எடுங்கள். அப்புறம் உட்கார்ந்து பார்க்கும்போது, சக்கரங்களை இணைக்கும் கம்பி கீழே இறங்கியிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே இருக்கும் படத்தில் சக்கரம் மறைந்துவிடும், கீழே இருந்தால் ஆரங்கள் எல்லாம் தெரியும்.

தண்டவாளத்தில் நின்று எடுக்காதீர்கள். ரயில்வே சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், பிரேக் போட்டாலும் உடனே நிற்கிற வண்டி இல்லை இது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கூமில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டுவார்கள். கூட்டம் மேலே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும் அந்த நேரத்தில் எஞ்சினின் எண் பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குப் போய்ப் படங்களைப் பிரிக்கும்போது எண் வாரியாகப் போடுங்கள். அடுத்த முறை போகும்போது அதே எஞ்சின் வந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.