காய்கறி விலை ஏறும்போது: வாங்கியதை முழுதாகச் சமைத்துத் தீர்ப்பது எப்படி?

விலை ஏறியதும் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் தேடுகிறோம். வாங்கியதில் எவ்வளவு தட்டுக்கு வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

1. எழுதுங்கள். ஒரு வாரம், குப்பைக்குப் போகும் காய்களை மட்டும் குறித்து வையுங்கள். செயலியெல்லாம் வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்தான் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும். திரும்பத் திரும்ப வரும் காயை அடுத்த முறை பாதி வாங்குங்கள்.

2. உண்மையான விலையைக் கணக்கிடுங்கள். தோலோடு ஒரு கிலோ பட்டாணி வாங்கினால், உரித்த பிறகு பாதிகூடத் தேறாது. கொடுத்த பணத்தை, சமைக்கத் தேறிய எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இதற்காகவே வாங்கலாம். பல நேரம் உறையவைத்த பட்டாணியே கட்டுப்படியாகும். பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறையவைப்பதால் சத்தும் பெரும்பாலும் தங்கிவிடும்.

3. பிரித்து வையுங்கள். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் அதனால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். உருளைக்கிழங்குக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும். கேரட்டின் இலைகளை வாங்கியவுடன் வெட்டிவிடுங்கள், அவை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

4. மலிவான நாளில் வாங்கி உறையவையுங்கள். பலருக்கும் சொதப்புவது இந்த இடத்தில்தான். காயை நறுக்கி அப்படியே ஃப்ரீசரில் போட்டால் சில வாரத்தில் நிறமும் ருசியும் போய்விடும். குளிரிலும் காயில் உள்ள நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருப்பதுதான் காரணம். அவற்றை அடக்க, முதலில் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்: பீன்ஸுக்கு 3 நிமிடம், நறுக்கிய கேரட்டுக்கு 2 நிமிடம். எடுத்த கையோடு அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் உள்ளிருக்கும் சூட்டிலேயே வெந்து குழைந்துவிடும். அப்புறம் துணியில் பரப்பி நன்றாக ஈரம் ஒற்றுங்கள். ஈரத்தோடு வைத்தால் எல்லாம் ஒரே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் மட்டும் பெயர்த்தெடுக்க முடியாது. தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் மாற்றுங்கள். காற்றை உறிஞ்சும் இயந்திரம் அவசியமே இல்லை. கெட்டியான ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றினால் போதும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: ஃப்ரீசரில் இடமே இல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சரி, அப்படியானால் சமைக்கும் வரிசையை மாற்றுங்கள். வாங்கிய முதல் இரண்டு நாளில் கீரை, அடுத்து பீன்ஸ், வெள்ளரி, கடைசியில் கேரட், முட்டைகோஸ். முழுப் பூசணி வெட்டாதவரை வெளியிலேயே வாரக்கணக்கில் தாங்கும். வெட்டிவிட்டால் விதைப்பகுதியை வழித்தெடுத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.