டயாலிசிஸ் யூனிட்டுக்குப் புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு: வைரஸ் விஷயத்துல நாங்க பண்ணுன தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் புதுசா சேர்ந்த டெக்னீசியன் தம்பி ஒருத்தன், ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டு நாலே நாள் ஆன பேஷண்ட்டுக்கு வைரல் மார்க்கர் (ரத்தத்துல வைரஸ் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) எடுக்கணும்னு சிரிஞ்சைத் தூக்கிட்டுப் போறான். "டேய் நில்லுடா"ன்னு நான் போட்ட சத்தத்துல மூணாவது பெட்டுல தூங்கிட்டிருந்த தாத்தாவே எந்திரிச்சுட்டாரு. பாவம், அவன் மேல தப்பில்ல, லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, போனான். பல வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான் லிஸ்ட்டைப் பாத்துட்டுப் போனேன். அதனால வந்த வெனையைத்தான் எழுதப் போறேன்.

கை கழுவு, பேஷண்ட்டுக்குப் பேஷண்ட் கிளவுஸ் மாத்து, ரத்தம் சிந்துனா உடனே தொடைங்கறதெல்லாம் இங்க எழுதல. அதையே சொல்லித் தரணும்னா நீ இன்னும் ஊசியைக் கையில எடுக்கக் கூடாது.

ஜுரம் இல்லைன்னா வைரஸ் இல்லைன்னு நினைக்கிறது

நம்ம பேஷண்ட்டோட எதிர்ப்பு சக்தியை ஒரு நாயி மாதிரி நினைச்சுக்கோங்க. ரத்தத்துல கழிவு தேங்கித் தேங்கி அது நாள் பூரா சும்மாவே குரைச்சுக்கிட்டு இருக்கும், அதனாலதான் பல பேருக்கு எந்தக் கிருமியும் இல்லாமலே சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற டெஸ்ட்) கொஞ்சம் ஏறியே நிக்கும். நெஜமாத் திருடன் வர்றப்ப அதுக்குத் தொண்டை கட்டியிருக்கும். வைரஸைக் கண்டுபிடிச்சு டி செல்லுக்கு (கிருமியோட சண்டை போடற வெள்ளணு) காட்டிக் குடுக்கற செல்லுங்க மந்தமாயிடும், டி செல்லும் வயசுக்கு முன்னாடியே கிழடாயிடும், ஆன்டிபாடி செய்யற பி செல்லு எண்ணிக்கையும் கொறைஞ்சுரும். அதனால ஜுரம், வீக்கம், ஆன்டிபாடி எல்லாமே லேட்டா வரும், கொஞ்சமா வரும், சிலருக்கு வரவே வராது.

ஏற்காட்டுல இருந்து காபி எஸ்டேட்ல வேலை பாத்த ஒரு அம்மா வருவாங்க, விடிகாலை பஸ்ஸைப் புடிச்சு இருவது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முதல் ஷிஃப்டுக்கு வந்துருவாங்க. ஒரு மார்கழி மாசம் நடுங்கிக்கிட்டே வந்தாங்க. "மலைக் குளுருதான் தம்பி, வேறொண்ணுமில்ல"ன்னாங்க, நானும் கம்பளியைப் போத்தி மெஷினைப் போட்டுட்டேன். தெர்மாமீட்டர்ல 37.2 தான். ஆனா அந்தம்மாவுக்கு வழக்கமா 36ஐத் தாண்டாதுன்னு பழைய சீட்டைப் புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். அது பத்தாதுன்னு டயாலிசேட் (மெஷின்ல ஓடற டயாலிசிஸ் திரவம்) சூட்டை 35.5ல வேற வெச்சிருந்தேன், உடம்பு எங்க காயும்? ஒரு மணி நேரத்துல பிபி எறங்கி ஆளு தொவண்டு போயிட்டாங்க. இன்ஃப்ளூயன்சா. ஷேர் ஆட்டோ மாதிரி ஒட்டி ஒட்டிப் போட்ட பெட்டுங்க, அந்த வாரமே இன்னும் ரெண்டு பேருக்கு வந்துச்சு.

நம்பரைப் பாக்காதீங்க, அந்த ஆளோட வழக்கமான நம்பருக்கும் இன்னைக்கி நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. சாப்பாடு எறங்கல, பேச்சு கொழறுது, வழக்கத்துக்கு மாறா பிபி எறங்குதுன்னா அதையும் ஜுரமாத்தான் எடுத்துக்கணும்.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வெச்ச) கையில தடுப்பூசி

கூடாது.

தடுப்பூசி போட்ட கொஞ்ச நாள்லயே ரத்தம் எடுக்கறது

இதுக்குத்தான் இவ்ளோ நேரமா வந்தேன்.

சாதாரண ஆளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி 20 மைக்ரோகிராம், மூணு தடவை. நம்ம பேஷண்ட்டுக்கு அது பத்தாது, ஒவ்வொரு தடவையும் டபுள், 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாசம்னு நாலு தடவை. ஃபிஸ்டுலா இல்லாத கையில தோள்பட்டை சதையில அந்த 40ஐ ரெண்டு ஊசியாப் பிரிச்சு ஒரு இன்ச்சு தள்ளித் தள்ளிப் போடுவோம். இடுப்புல போட்டா சரியாப் புடிக்காது. இவ்ளோ பண்ணியும், நல்லா இருக்கற ஆளுங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல எதிர்ப்பு வருதுன்னா நம்ம ஆளுங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தேறும்.

இந்த ஊசிக்குள்ள என்ன இருக்கு? அந்த வைரஸோட மேல்தோலு, அதாவது ஹெச்பிஎஸ் ஆன்டிஜென். லேப்ல நாம தேடுறது எதை? அதே ஹெச்பிஎஸ் ஆன்டிஜெனை. அப்ப நேத்து ஊசி போட்டுட்டு இன்னைக்கி ரத்தம் எடுத்தா ஊசியில இருந்ததே ரிப்போர்ட்ல வந்து நிக்கும். டயாலிசிஸ் ஆளுங்களுக்கு 18 நாள் வரைக்கும்கூட இப்படிப் பொய் பாசிட்டிவ் வந்ததாப் பதிவாகியிருக்கு.

எனக்கு அப்ப இது தெரியாது. செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறையில வேலை பாத்த ஒரு அண்ணன், அம்பது வயசு, கலகலன்னு பேசுவாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கற மார்க்கரை நான்தான் எடுத்தேன். 'ரியாக்டிவ்'னு, அதாவது பாசிட்டிவ்னு வந்துச்சு. அன்னைக்கே பாசிட்டிவ் ரூமுக்கு மாத்தியாச்சு. மாத்தறதுல தப்பில்ல, நெஜமாவே பாசிட்டிவ்னா மாத்தித்தான் ஆகணும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்துல ஏழு நாள் வரைக்கும் உசுரோட கெடக்கும், தனி ரூமு தனி மெஷின் தனி ஆளுதான் வேணும். ஆனா ஒருத்தருமே கேக்கல, ஊசி எப்பப் போட்டதுன்னு.

ஏழு டயாலிசிஸ் அந்த ரூமுல ஓடுச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல. வீட்டுல தட்டு டம்ளர் எல்லாம் தனியா வெச்சுட்டாங்க (தட்டு டம்ளர்ல இது பரவாது, அதைக்கூட நாங்க யாரும் ஒழுங்கா எடுத்துச் சொல்லல), அண்ணன் பேச்சே நின்னு போச்சு. அப்புறம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஃபைலைப் பாத்துட்டு கேட்டாரு, வேக்சின் ரெண்டாவது டோஸ் என்னைக்கி? ஃபைல்ல இல்ல. சிஸ்டர் டேபிள் டிராயர்ல இருந்த இன்னொரு நோட்டுல இருந்துச்சு. நான் ரத்தம் எடுத்ததுக்கு மூணு நாள் முன்னாடி தேதி!

திருப்பி எடுத்தோம், நெகட்டிவ். கோர் ஆன்டிபாடியும் (வைரஸோட உள்பகுதிக்கு எதிரா வர்றது) நெகட்டிவ், ஊசியில கோர் கெடையாது, அதனால அது ஊசியால வராது. வைரஸோட டிஎன்ஏவும் இல்ல. சரி தப்பிச்சார்னு நெனைச்சா அடுத்தது இருக்கு. நோயே இல்லாத ஒரு மனுசனை, உடம்புல ஆன்டிபாடியும் இல்லாத நெலமையில, நெஜமான பாசிட்டிவ் பேஷண்ட்டுங்களோட ஒரே ரூமுல ஒரே மெஷின்ல உக்கார வெச்சிருக்கோம். ஆறு மாசம் மாசாமாசம் ரத்தம் எடுத்து ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு நின்னோம். ஒண்ணும் வரல. எங்க கெட்டிக்காரத்தனம் இல்ல அது, அவரு அதிர்ஷ்டம்.

இன்னும் ஒண்ணு. நாலு டோஸும் முடிச்சு ஒன்றரை மாசம் கழிச்சு டைட்டர் (ரத்தத்துல ஆன்டிபாடி அளவு) பாத்தா வெறும் 3. பத்துக்கு மேல இருந்தாத்தான் பாதுகாப்புன்னு கணக்கு. மறுபடியும் முழு கோர்ஸ் நாலு டோஸ் போட்டு, அப்புறம்தான் 46க்கு வந்துச்சு. ஃபைல்ல 'வேக்சினேட்டட்'னு சீல் குத்துனதோட விட்டிருந்தா 3ஐ வெச்சுக்கிட்டே ஓடியிருப்பாரு. டைட்டர் பாக்காத ஊசி போட்ட கணக்குல மட்டும்தான் சேரும். அதுவும் ஒரு தடவை பாத்தாப் பத்தாது, வருஷா வருஷம் பாக்கணும், பத்துக்குக் கீழ எறங்குனா ஒரு பூஸ்டர்.

இப்ப எங்க யூனிட்டுல ஊசி போட்ட அன்னைக்கே ஃபைல் அட்டை மேல செவப்பு மையில தேதியும், அதுக்குக் கீழ ஒரு மாசம் தள்ளி 'இதுக்கு முன்னாடி மார்க்கர் எடுக்காதே'ன்னும் எழுதிருவோம். மீறி எடுத்து பாசிட்டிவ் வந்துட்டா, உறுதியாகற வரைக்கும் பாசிட்டிவ் ரூமுலயும் சாதாரண ரூமுலயும் சேக்காம தனி மெஷின்ல கடைசி ஷிஃப்டு. மேல சொன்ன தம்பி அந்தச் செவப்பு மையைப் பாக்கல, ஏன்னா லிஸ்ட்டு கம்ப்யூட்டர்ல வந்துச்சாம்.

எஸ்ஜிபிடி (கல்லீரல் டெஸ்ட்) நார்மல், ஹெப்படைட்டிஸ் சி ஆன்டிபாடி நெகட்டிவ், அப்ப ஓகே

ஓகே இல்ல. நம்ம ஆளுங்களுக்கு எஸ்ஜிபிடி இயல்பாவே கீழதான் கெடக்கும், சி ஆன்டிபாடி மெதுவாத்தான் உருவாகும். புது பேஷண்ட் சேர்றப்பவும், சந்தேகம் வந்தாலும் ஆர்என்ஏ (வைரஸையே நேராத் தேடற டெஸ்ட்) கேளுங்க. காசு ஜாஸ்திதான். ஆனா இன்னைக்கி சி வைரஸுக்கு டயாலிசிஸ் ஆளுங்களே சாப்பிடற மாத்திரை இருக்கு, பன்னெண்டு வாரத்துல பெரும்பாலானவங்களுக்குப் போயிடும், அப்ப கண்டுபுடிக்காம விடறது அநியாயம்.

அம்மை போட்டிருக்குன்னு டயாலிசிஸுக்கு வராம இருக்கறது

ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்துல நீங்க என்ன சொன்னாலும் சில வீட்டுல கேக்க மாட்டாங்க. சண்டை போடாதீங்க. "வேப்பிலை வெச்சுக்கோங்க, ஆத்தாளை நல்லாக் கும்புடுங்க, ஆனா இளநி மட்டும் வேண்டாம், டயாலிசிஸை மட்டும் விட வேண்டாம், தனி ரூமு போட்டுத் தர்றோம்"னு சொல்லுங்க. குளுமைக்குன்னு நாளுக்கு மூணு இளநி குடிச்சுட்டு ரெண்டு டயாலிசிஸை விட்டா அம்மைக்கு முன்னாடி பொட்டாசியம் ஆளைக் கொண்டு போயிடும்.

அக்கிக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை

சின்ன வயசுல வந்த அம்மை வைரஸ் நரம்புக்குள்ள பதுங்கிக் கெடக்கும், டி செல்லு அசந்த நேரம் பாத்து அக்கியா வெளிய வரும், அதனால நம்ம பேஷண்ட்டுங்களுக்கு இது ஜாஸ்தி. வாழப்பாடி பக்கத்துல இருந்து வர்ற ஒரு பாட்டி முதல்ல குயவர் வீட்டுல அக்கி எழுதிக்கிட்டு வந்தாங்க, விலாவுல காவி அப்படியே இருந்துச்சு. அதுல ஒண்ணும் கெடுதல் வரல. அப்புறம் பேரன் ஷாப்புல கேட்டு அசைக்ளோவிர் 800ஐ நாளுக்கு அஞ்சு தடவை குடுத்திருக்கான். கிட்னி நல்லா இருக்கறவனுக்கு அது சரியான டோஸுதான். நம்ம ஆளுங்களுக்கு மருந்து வெளிய போக வழியில்ல, கொறைச்ச டோஸை டாக்டர்தான் சொல்லணும். மூணாவது நாள் பாட்டி செத்துப்போன புருசனோட பேசிக்கிட்டே வந்தாங்க. வைரஸ் மூளைக்கு ஏறிடுச்சுன்னு எல்லாரும் பதறிட்டோம், டாக்டர் மட்டும் மாத்திரை அட்டையை வாங்கிப் பாத்தாரு. நல்லவேளை, அது டயாலிசிஸ்ல வெளிய வந்துரும் மருந்து. ரெண்டாவது டயாலிசிஸ் முடியறப்ப கண்ணைத் தொறந்து, "எம் மேல இருந்த காவியை எவன்டா அழிச்சது?"ன்னு பேரனைப் புடிச்சு ஏசுனாங்க.