பிடிபட்டவர் வீட்டுக்குத் துணை இருப்பது எப்படி

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிக் கிளம்புகின்றன. மறுநாள் கரை திரும்ப வேண்டும். திரும்பாத படகைப் பற்றிய முதல் சேதி பெரும்பாலும் கூடப் போன படகிலிருந்துதான் வரும்: "நேவி பிடிச்சிருச்சு." தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு அந்தக் குறுகிய கடலுக்குள் கிடக்கிறது. அதைத் தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் யாருக்கும் புதிதில்லை.

புதிதில்லை என்றாலும், அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும்போது என்ன செய்வதென்று பலருக்கும் தெரிவதில்லை. முதல் நாள் தெருவே திரண்டு அழுகிறது. நாலாம் நாள் எட்டிப் பார்க்க ஆளில்லை. காத்திருப்போ வாரக்கணக்கில் போகும், சில வழக்குகளில் மாதக்கணக்கில். அதனால் முதல் நாளே முப்பது பேராகப் போகாமல், நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு கடைசிவரை போங்கள்.

முதல் இரவு

இரண்டு பேர் போனால் போதும். ஒருவர் வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார வேண்டும், மற்றவர் நோட்டும் பேனாவும் எடுக்க வேண்டும். படகு எண்ணை முழுதாக எழுதுங்கள் (ராமேஸ்வரம் படகுகளில் 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று தொடங்குபவை அதிகம்). போட்டு (படகு) முதலாளியின் போன் நம்பர், படகில் போன எல்லோர் பெயரும் வயதும், தகப்பனார் பெயர், மீனவர் அடையாள அட்டை எண் ஆகியவையும் வேண்டும். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். ஊரில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டால், பின்னால் இந்தியத் தூதரகம் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரப் பயணச் சான்று தயாரிக்கும்போது இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒத்துவராது.

பிடிபட்டவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேளுங்கள். பதற்றத்தில் விட்டுப்போகிற கேள்வி இதுதான். சுகர், பிரஷர், வலிப்பு எதுவாக இருந்தாலும் சீட்டையும் மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்து, பெயர்ப்பட்டியலோடு சேர்த்து மீன்வளத்துறை அலுவலகத்திலும் மீனவர் சங்கத்திலும் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அவர்கள் வழியாகச் சொல்ல வேண்டும்.

பிடிபட்டதாகச் சேதியும் இல்லை, ஆளும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று உட்காராதீர்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. கடைசியாகப் படகைப் பார்த்த இடம், நேரம், படகின் நிறம், இருந்த டீசல் ஆகியவற்றைக் கேட்பார்கள். கையில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கஞ்சி

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பிரியாணிப் பொட்டலம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. மனசு நல்ல மனசுதான், ஆனால் தொண்டையில் இறங்காது. கஞ்சி இறங்கும். ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் புழுங்கல் நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஏழு டம்ளர் தண்ணீர், பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம். ஐந்து லிட்டர் குக்கரில் சிறு தீயில் ஐந்து விசில் விட்டு, இறக்கியபின் உப்பும் அரை மூடித் தேங்காய்ப் பாலும் சேருங்கள். தேங்காய்ப் பாலை முன்னமே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். தொட்டுக்கொள்ளத் துவையல் போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் டம்ளர் அவர்களுக்கு. சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு நடுராத்திரியில் மயங்கி விழுவது இந்த மாதிரி வீடுகளில்தான் நடக்கும்.

பாத்திர விஷயம் ஒன்று இருக்கிறது. வந்த தூக்குச்சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நீங்கள் சட்டியை விட்டுவிட்டு வந்தால், எதை வைத்து அனுப்புவது என்று அந்த வீட்டுப் பெண் அந்த நிலையிலும் யோசிப்பாள். அங்கேயே அவர்கள் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, உங்கள் சட்டியைக் கழுவி நீங்களே எடுத்து வந்துவிடுங்கள். தண்ணீர்க்குடம் இரண்டு கொண்டுபோனால் இன்னும் நல்லது. தீவில் நல்ல தண்ணீருக்கு வரிசையில் நிற்க அவர்களால் அன்று முடியாது.

என்ன சொல்வது

"கவலைப்படாதே, நாளைக்கே விட்டுருவாங்க" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை. நாளைக்கு விட மாட்டார்கள். அங்கே நீதிமன்றம் பெரும்பாலும் 14 நாள் வரை காவலில் வைக்கச் சொல்லும். அந்தத் தேதியில் மறுபடி ஆஜராக்குவார்கள். நீட்டிப்பதும் சாதாரணம். பொய் நம்பிக்கை கொடுத்தவர் முகத்தைப் பதினைந்தாம் நாள் அந்தப் பெண் பார்க்க விரும்ப மாட்டாள். அடுத்து நல்ல சேதியோடு வருகிறவரையும் நம்ப மாட்டாள்.

நம்பிக்கைக்கு ஒரு தேதி வேண்டும். தினசரிக் காலண்டரில் ஆஜர் தேதியைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள். "மதினி, பதினாறாந்தேதி கோர்ட்டு. அன்னைக்கு விட்டாலும் விடலாம், தள்ளிப் போட்டாலும் போடலாம். எதுவானாலும் சாயங்காலம் நானே வந்து சொல்றேன்." இந்த மூன்று வாக்கியம் போதும். மூன்றாவதைச் சொன்னபடி செய்ய வேண்டும், கெட்ட சேதியானாலும் போய்ச் சொல்ல வேண்டும்.

"விடுதலை" என்ற சொல்லிலும் கவனம் தேவை. நீதிமன்றம் விடுவித்த அன்றே ஆள் ஊர் வந்துவிட மாட்டார். கொழும்பு பக்கம் வெளிநாட்டவரை வைத்திருக்கும் மிரிஹானை முகாமில் வைத்திருந்து, பயணச் சான்று தயாரானபின் பெரும்பாலும் விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வேனில் ராமேஸ்வரம் வர இன்னும் ஒரு ராத்திரி. இது தெரியாமல் டிவியில் விடுதலை என்று பார்த்துவிட்டு, அன்று மாலையே மீன் வாங்கிக் குழம்பு கூட்டி வைத்துக் காத்திருந்து உடைந்துபோகும் வீடுகள் உண்டு. அபராதம் விதித்திருக்கிறார்களா, இரண்டாம் முறை பிடிபட்டவரா என்பதையும் விசாரித்தபின் பேசுங்கள். இரண்டாம் முறை என்றால் சிறைத்தண்டனையே வரலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை அந்தப் பெண்ணிடம் நீட்டாதீர்கள். அது பழைய வீடியோவாக இருக்கலாம். சங்கத்தோடும் மீன்வளத்துறையோடும் பேச ஒரே ஒரு ஆளை நியமியுங்கள், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். "இத்தனை ஆயிரம் அனுப்புனா சீக்கிரம் வெளிய எடுத்துரலாம்" என்று எவனாவது கூப்பிட்டால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். வக்கீல் உதவிக்குத் துணைத் தூதரகம் ஏற்பாடு செய்யும். பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தவணை

இரண்டாம் வாரம்தான் வீடு உண்மையில் ஆட்டம் காணும். பங்குக்காசு (மீன் விற்றதில் அவர் பங்கு) நின்றிருக்கும், மகளிர் குழுக் கடனின் தவணைக்காரர் வாசலில் நிற்பார். ஒரு மாலை உட்கார்ந்து தேதிகளை எழுதுங்கள்: குழுத்தவணை எந்தக் கிழமை, அடகு நகைக்கு வட்டி கட்டும் நாள், பள்ளிக்கூட வேன் காசு, போட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணம். குழுத்தலைவியிடம் வசூல் நாளுக்கு முன்பே பேசுங்கள். வசூல் நாளன்று பேசினால் நாலு பேர் முன்னால் அவமானமாகிவிடும். சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது. ரேஷன் அட்டை, ஆதார், மீனவர் அட்டை, பாஸ்புக் நகல்களோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். "போய்க் கேளு தங்கச்சி" என்று வாசலில் நின்று சொல்வது உதவியாகாது.

கையில் காசு கொடுப்பதென்றால் ஆயிரம் ரூபாயைச் சபையில் நீட்டாதீர்கள். கடைக்காரரிடம் அவர்கள் பேரில் அரிசியும் எண்ணெயும் சொல்லிவிட்டு வரலாம். கடல்பாசி எடுக்கவோ கருவாடு காயப்போடவோ போகிற பெண் என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவளை வேலைக்கு அனுப்புவதுதான் பெரிய ஒத்தாசை. தன் கையால் சம்பாதித்த காசு கொஞ்சம் என்றாலும் நிமிர்ந்து நடக்க வைக்கும்.

பிள்ளைகளிடம் "அப்பா வெளியூர் போயிருக்காங்க" என்று சொல்லி வைக்காதீர்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எவனாவது "உங்கப்பா ஜெயில்ல" என்பான். முந்திக்கொண்டு வீட்டிலேயே சொல்ல வேண்டும்: "அப்பா திருடலை, யாரையும் அடிக்கலை. எல்லை தாண்டிட்டாங்கன்னு பிடிச்சு வச்சிருக்காங்க, வர நாளாகும்." வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை போடுங்கள்.

அந்தப் பெண் மூன்று நாலு ராத்திரி தொடர்ந்து தூங்கவில்லை, சாப்பிடவில்லை, "இனி நான் எதுக்கு இருக்கணும்" என்கிறாள் என்றால் அது வெறும் புலம்பல் இல்லை. தனியே விடாதீர்கள். 14416-க்குக் கூப்பிட்டால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டிப் போங்கள்.

வந்த பிறகு

வேன் வந்து நிற்கும் நேரத்தில் மாலையும் கேமராவும் காத்திருக்கும். வீட்டுக்குள் அது வேண்டாம். குளிக்க வெந்நீர், கொஞ்சம் ரசம் சோறு, அப்புறம் தூக்கம். அடிச்சாங்களா, என்ன சாப்பாடு போட்டாங்க என்று அன்றே கிளறாதீர்கள். அவராகச் சொல்லும்போது கேளுங்கள். படகு பெரும்பாலும் அங்கேயே பறிமுதலாகிக் கிடக்கும். முதலாளிக்கும் முதல் போயிற்று, இவருக்கும் ஏறப் படகில்லை. வேறு படகில் ஆள் தேவையா என்று நாலு இடத்தில் விசாரித்துச் சொல்ல இதுதான் நேரம். ஊர் கைகழுவிவிட்டுப் போவதும் இதே நேரத்தில்தான்.

அவர் மறுபடி டோக்கன் வாங்கிக் கடலுக்கு இறங்கும் முதல் ராத்திரி, முறை வைத்திருந்தவர்களில் ஒருவர் அந்த வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். போனுக்கு முழுச் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்திருங்கள்.