ஆங்கிலப் பாட்டு வழியே ஆங்கிலம்: ஒரு சரணம் போதும்

தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போகிறவரா? ஒரு பாட்டு, அதிலும் ஒரு சரணமும் பல்லவியும் மட்டும் எடுங்கள். ராப் வேண்டாம், மெதுவான பாட்டாக இருக்கட்டும்.

முதலில் வரிகளைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். வேகம் அதிகமென்றால் யூடியூபில் 0.75-க்குக் குறையுங்கள். பிறகு அசல் வரிகளோடு ஒப்பிடுங்கள். நாம் விட்டுவிடுவது பெரும்பாலும் கடினமான சொற்களை அல்ல. சுருங்கி ஒலிக்கும் சின்னச் சின்ன உதவி வினைகளைத்தான்.

'ஐட்' (I'd) என்பதையே பாருங்கள். 'ஐ வுட்', 'ஐ ஹாட்' இரண்டுமே இப்படித்தான் சுருங்கும். அடுத்த வினைதான் அடையாளம்: 'ஐட் கோ' என்றால் வுட், 'ஐட் கான்' (I'd gone) என்றால் ஹாட். இந்த ஒன்று பிடிபட்டாலே பழைய நினைவுகளைப் பேசும் பாட்டுகளில் பாதி இலக்கணம் தெளிந்துவிடும்.

தெரியாத சொல்லையெல்லாம் பட்டியல் போடாதீர்கள், மறுநாளே மறந்துவிடும். ஐந்து சொல் போதும். அவற்றையும் தனியாக எழுதாமல், வந்த தொடரோடு எழுதி, அதே அமைப்பில் உங்கள் வாழ்க்கை பற்றி ஒரு வாக்கியம் அமையுங்கள்.

கவனம்: பாட்டில் வருவதெல்லாம் தேர்வில் எழுதத் தகுந்ததல்ல. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு பாடிய 'ஐ கான்ட் கெட் நோ' இரட்டை எதிர்மறை; தேர்வுத்தாளில் 'ஐ கான்ட் கெட் எனி' என்றே எழுத வேண்டும். 'ஷி டோன்ட்' என்று வந்தாலும் அதேபோல, 'டஸன்ட்' என மாற்றி நோட்டில் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.